கடுக்காயும் கரும்பூஞ்சணமும்

நியாயஸ்தலங்களில் தொழில் நடத்துவோர் பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டாத வாரமில்லை. இதனை எழுதும்பொழுதும் நமது மேஜைமீது அத்தகைய பத்திரமொன்று கிடக்கின்றது. எழுதிக் கொடுத்தவர் மறைந்தார். எழுதி வாங்கியவரும் மறைந்தார். நான்கெல்லை காட்டிய கற்களும் இடம் பெயர்ந்துவிட்டன. எழுத்து மட்டும் நிற்கின்றது. கருமை சற்றே செம்பழுப்பாக மாறியிருக்கின்றதேயன்றி, நீர் பட்ட இடத்திலுங்கூட அது கரைந்தோடவில்லை. துவர்ப்புள்ள காயை இடித்து நீரில் ஊறவைத்து வடித்து, அன்னபேதியைக் கூட்டிச் செய்த மையின் குணம் இது. நம் நாட்டில் அக்காய் பெரும்பாலும் கடுக்காய், ஐரோப்பாவில் மாசிக்காய்.

இந்த மையில் ஒரு விந்தையுண்டு. எழுதும்போது எழுத்து வெளிறித் தோன்றும். காற்றுப் பட்ட பின்னரே கறுக்கும். மேனாட்டு மை செய்வோர் சிலர் மாசிக்காய்ச் சாற்றை உடனே பயன்படுத்தாமல், வெதுவெதுப்பான இடத்தில் சில நாள் வைத்து, மேலே பூஞ்சணம் படரவிட்டுப் பின்னரே அன்னபேதியைச் சேர்த்தனர். அவ்வாறு செய்தால் மை நன்கு கறுக்குமென்பது அவர்கள் கைகண்ட அநுபவம். காரணம் அவர்களுக்குத் தெரியாது. தொழிலாளி கையில் பலகாலம் கிடந்த அந்தக் காரணத்தை விஞ்ஞானி கண்டெடுத்த வரலாற்றையும், அதனால் இன்று விளையும் தொழில்களையும், அவற்றில் நமக்குள்ள பங்கையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். பூஞ்சணத்தைப்பற்றிப் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தில் எழுதுவதா என்று புன்முறுவல் பூக்கும் அன்பர்கள், சவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் கடுக்காய் மூட்டைகள் இறங்கி வருவதையும், பாலாற்றங்கரைக் கிணறுகளின் கதியையும் ஒரு கணம் நினைத்துக்கொண்டு மேலே படிப்பாராக.

கடுக்காய், நெல்லிக்காய், ஆவாரம் பட்டை, மாதுளை ஓடு, தேயிலை ஆகியவற்றை நாவில் வைத்தால் நா இழுபடுகின்றதன்றோ? அந்தத் துவர்ப்புக்குக் காரணமான சத்தையே டானின் என்று ரஸாயன நூலார் வழங்குவர். நாம் அதனைத் துவர்ச்சத்து என்போம். மரத்திற்கு அது ஒரு கவசம். புரதத்தைக் கண்டவிடத்து அதனைப் பற்றிக்கொண்டு இறுக்குவது துவர்ச்சத்தின் இயல்பு. பூச்சியின் குடலிலும் கிருமியின் உடலிலும் உள்ள புரதங்களை இறுக்கி அவற்றைச் செயலறச் செய்கின்றது. தோல் பதனிடுவோன் தொட்டியில் பச்சைத் தோலின் புரதத்தைப் பற்றி இறுக்கி, அழுகாத பதனிட்ட தோலாக்குகின்றது. நாவின் இழுப்பும் எச்சிலிலுள்ள புரதத்தை அது பற்றுவதால் வருவதே.

கிருமிகளை முடக்கும் இப்பொருளின்மேல் பூஞ்சணம் எவ்வாறு வளர்கின்றது? அதுவே கேள்வி. பிரெஞ்சு தாவர நூலறிஞரும், பாஸ்டரிடம் பயின்றவருமாகிய வான் தீகெம் 1867-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தார். துவர்ச்சத்துக் கரைந்த நீர் தானாக மாறுவதில்லை, காற்றும் பூஞ்சணமும் கூடியவழியே அது காலிக் அமிலமாக மாறுகின்றது என்று அவர் நிறுவினார். அம்மாற்றத்தைச் செய்யும் பூஞ்சணங்களுள் ஒன்றுக்கு அவர் சூட்டிய பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். வெங்காயத்தின் மேல்தோலில் கரிப்பொடி தூவினாற்போல் நாம் நாள்தோறும் காணும் கரும்பூஞ்சணம் இந்த இனத்தைச் சேர்ந்ததேயாம். காலிக் அமிலத்தையோ அதற்கும் ஏறக்குறைய எண்பதாண்டுகளுக்கு முன், 1786-ல், ஸ்வீடன் தேசத்து ஷீலே பிரித்தெடுத்திருந்தார். வான் தீகெமுக்குப் பின் முப்பதாண்டுகளுக்கு மேற்சென்று, 1900-ஆம் ஆண்டையொட்டி, பெர்ன்பாக், பொத்தவென் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர் பூஞ்சணத்தினின்றும் அதன் வேலைக்கருவியைத் தனியே பிரித்துக் காட்டினர். அதற்கு டானேஸ் என்று பெயர். இத்தகைய கருவிகளைப் பொதுவாக என்ஸைம் என்றும் நொதி என்றும் கூறுகின்றோம். தான் செலவாகாமல் ஒரு பொருளைப் பிரிக்கவோ கூட்டவோ வல்ல புரதம் அது.

டானேஸ் எங்கே வெட்டுகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஜெர்மானிய மேதை எமில் பிஷரும் அவருடன் உழைத்த பிராய்டன்பெர்க்கும் 1912-ஆம் ஆண்டையொட்டித் துவர்ச்சத்தின் அமைப்பை ஆராய்ந்தனர். சீன மாசிக்காயின் துவர்ச்சத்தை ஒரு திராட்சைச் சர்க்கரையைச் சுற்றிப் பத்துக் காலிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட அமைப்பின் சாரம். அந்த ஒட்டுக்களை நீரின் துணைகொண்டு ஒவ்வொன்றாக அறுப்பதே டானேஸின் வேலை. அறுத்தால் நடுவிலிருக்கும் சர்க்கரை பூஞ்சணத்திற்கு உணவு. சுற்றியிருந்த காலிக் அமிலம் நமக்கு லாபம். ஆனால் நாம் அயர்ந்திருந்தால் அந்த லாபமும் நிலைக்காது. சர்க்கரை தீர்ந்தபின் பூஞ்சணம் காலிக் அமிலத்தையே உண்ணத் தலைப்படும். எந்த நாளில் நிறுத்த வேண்டுமென்பது இத்தொழிலின் இரகசியங்களுள் ஒன்று.

எல்லாத் துவர்ச்சத்தும் இவ்வாறு அறுபடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை. கடுக்காய், மாசிக்காய், டிவி-டிவிக்காய், பெரு தேசத்துத் தாராக்காய் இவற்றிலுள்ளவை நீராற் பிரியும் இனம். டானேஸ் அவற்றின்மேற் செல்லும். ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, நீலகிரியிலும் பழனி மலையிலும் வளரும் வாட்டில் பட்டை இவற்றிலுள்ளவை வேறோர் இனம். கரியணுக்கள் தம்முட் பிணைந்து இறுகியவை. டானேஸ் அவற்றைப் பிரிக்காது. பத்திரிகைகளில் "எல்லாத் துவரையும் கரைக்கும் அற்புத நொதி" என்று யாரேனும் எழுதினால் நேயர்கள் நம்பற்க.

தோல் பதனிடுவோர் கதை சுவையானது. மை செய்வோன் எந்தப் பூஞ்சணத்தை வரவேற்றானோ அதனையே பதனிடுவோன் பகைத்தான். கடுக்காய்க் கரைசல் நாட்பட நின்றால் புளிக்கும். அந்தப் புளிப்பு ஓரளவு தோலை உப்பச் செய்து துவர் உள்ளே ஏற உதவுமாதலின் அதனை அவன் விரும்புவான். ஆயினும் மேலே பூஞ்சணம் படர்ந்தால் அவன் காசு கொடுத்து வாங்கிய துவர்ச்சத்து அவன் கண்ணெதிரே காலிக் அமிலமாகக் கரைந்து போகும். காலிக் அமிலம் தோலைப் பதனிடாது. ஒருவன் நஷ்டக் கணக்கில் எழுதியது மற்றொருவன் கடையில் விலைக்கு நிற்கும் சரக்காயிற்று. பதனிடுவோனுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், தேறாத கடுக்காயையும் சக்கையையும் குப்பையில் கொட்டுமுன் ஒருமுறை யோசித்திருப்பான்.

காலிக் அமிலத்தால் என்ன பயன் என்று வினவலாம். மை ஒன்று, அதன் காலம் பெரும்பாலும் கழிந்தது. அதனைச் சூடேற்றினால் பைரோகாலால் கிடைக்கும்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் போட்டோப் பிடிப்போர் தகட்டில் உருவம் எழுப்பியது அதனாலேதான். அதனின்று செய்யப்படும் புரொப்பைல் காலேட் என்னும் பொருளை எண்ணெயிலும் கொழுப்பிலும் இம்மியளவு சேர்த்தால் அவை சிக்கடித்துக் கெடுவது தாமதிக்கும். நீர் குறைந்த திரவத்தில் வைத்தால் டானேஸ் தன் வேலையைத் திருப்பிச் செய்து, அறுப்பதற்குப் பதில் ஒட்டி, இந்தப் பொருளையே உண்டாக்கித் தருமென்றும் ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். இவையெல்லாவற்றினும் முக்கியமானது மருந்து. டிரைமெத்தோபிரிம் என்னும் கிருமிநாசினியைச் செய்யும் வழிகளுள் ஒன்று காலிக் அமிலத்திலிருந்தே தொடங்குகின்றது. அது ஸல்பா மருந்தொன்றுடன் கூட்டப்பெற்றுக் கோ-டிரைமாக்ஸஸோல் என்ற பெயரால் உலகெங்கும் ஏழைகளின் வைத்தியசாலைகளில் வழங்குகின்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பெற்றிருக்கின்றது. இம்மருந்தைக் கண்ட குழுவின் தலைவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் 1988-ல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர்.

தேநீரின் விஷயம் இதனினும் எளிதில் விளங்கும். கடுந் தேநீரை ஆறவிட்டால் அது கலங்கி, மேலே ஆடைபோற் படிவதை வீட்டில் யாவரும் கண்டிருப்பர். தேயிலையின் துவர்ப் பொருள்களும் காபீனும் ஒன்றோடொன்று பிணைந்து, குளிர்ந்த நீரிற் கரையாமல் பிரிவதே அதற்குக் காரணம். வீட்டில் அதனால் நஷ்டமொன்றுமில்லை. ஆனால் குளிர்ந்த தேநீரைப் புட்டியிலடைத்து விற்பவனுக்கும், தண்ணீரிற் கரையும் தேயிலைத் தூள் செய்பவனுக்கும் அது பெருந்தொல்லை. ஆடையை எடுத்தெறிந்தால் சுவையும் மணமும் அதனுடன் போகும்; காரம் சேர்த்துக் கரைத்தால் நிறமும் ருசியும் கெடும். டானேஸ் சேர்த்தாலோ, துவர்ப் பொருளில் ஒட்டியுள்ள காலிக் அமிலப் பகுதி மட்டும் அறுபடும்; பிணைப்புத் தளரும்; தேநீர் தெளிவாக நிற்கும். இன்று உலகில் டானேஸ் விலைக்கு வாங்கப்படுவதில் இந்தத் தேயிலைத் தொழிலுக்குச் சிறப்பிடமுண்டு. அதனைச் செய்து விற்போருள் ஜப்பானியர் முன்னிற்கின்றனர். சோயாக் குழம்பும் அரிசி மதுவும் செய்யத் தலைமுறை தலைமுறையாகப் பூஞ்சணத்தை வளர்த்த கைகள் நொதியையும் வளர்ப்பதில் வியப்பென்ன? மாதுளம் பழரசத்தின் கசப்பையும் துவர்ப்பையும் தணிக்கவும் இதனைச் சோதித்திருக்கின்றனர்.

இவ்விடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. எலுமிச்சையின் புளிப்பாகிய ஸிட்ரிக் அமிலத்தில் ஒரு காலத்தில் இத்தாலி தேசமே உலகச் சந்தையை ஆண்டது. ஸிஸிலித் தீவின் எலுமிச்சந் தோட்டங்களே அதன் சுரங்கம். 1917-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கரி என்னும் அமெரிக்கர், நாம் மேலே கண்ட அதே கரும்பூஞ்சணம் சர்க்கரையை ஸிட்ரிக் அமிலமாக மாற்றுவதை எழுதி வெளியிட்டார். 1919-ல் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் பைசர் கம்பெனியார் அதனைத் தொழிலாக நடத்தத் தொடங்கினர். பின்னர் இத்தாலியின் ஏகபோகம் நீடிக்கவில்லை. எலுமிச்சை மரங்கள் பட்டுப்போகவில்லை. பழமும் புளிப்பு மாறவில்லை. காயை வைத்திருப்பவனுக்கும், காயின் சத்தைத் தன் வசப்படுத்தும் வித்தையை வைத்திருப்பவனுக்கும் உள்ள தூரமே அங்கு வெளிப்பட்டது.

நமது நிலை யாது? கடுக்காயின் உலர்ந்த சதையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு துவர்ச்சத்து உண்டு. மலையில் வாழ்வோர் அதனைப் பொறுக்கி உலர்த்தி எடைக்கு விற்கின்றனர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின்மேல் அவர்களுக்கு உரிமை வழங்கியிருக்கின்றது. 2013-14-ல் மத்திய அரசாங்கம் வனப்பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வகுத்தபோது முதலிற் சேர்த்த ஒரு சில பொருள்களுள் கடுக்காயும் ஒன்று. இவை நல்ல ஏற்பாடுகளே, குறை கூறுவதற்கில்லை. எனினும் ஆதரவு விலை காய்க்குத்தான். காயினுள் அடங்கிய அமிலத்திற்கு அன்று. எடைக்கு விற்பவன் எடைக்குரிய கூலியையே பெறுவான்.

வித்தை நம்மிடம் இல்லையென்று சொல்லவும் நியாயமில்லை. டானேஸைப்பற்றி இந்தியர் செய்த ஆராய்ச்சி உலகோர் மதிக்கத் தக்கது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் லேகா, லோன்சானே என்னும் இருவர் 1990-களில் கரும்பூஞ்சணத்தை மூன்று விதமாக வளர்த்து ஒப்பிட்டனர்: நீருள் அமிழ்த்திக் கலக்குவது ஒன்று, நீரின்மேல் ஆடையாகப் படரவிடுவது மற்றொன்று, தவிடு போன்ற ஈரமான திடப்பொருளின்மேல் வளர்ப்பது மூன்றாவது. மேனாட்டுத் தொழிற்சாலைகள் பெரிதும் கையாளும் முறை முதலாவதே. முடிவு என்னவெனில், திடப்பொருளின்மேல் வளர்த்தபோதே நொதி மிகுதியாகக் கிடைத்தது. அதுவும் பூஞ்சணத்தின் உடலுக்குள் தங்கிவிடாமல் வெளியே வந்து, கழுவி எடுத்துக்கொள்ள எளிதாயிருந்தது. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலோ கடுக்காய்த் தூளையே விளைநிலமாகக் கொண்டு பூஞ்சணத்தை வளர்த்து, டானேஸையும் காலிக் அமிலத்தையும் ஒருங்கே பெற்றனர். மாசிக்காயை இடித்து ஈரமாக்கிக் குவித்து, வெப்பமான அறையில் வாரக் கணக்கில் பூஞ்சணம் பிடிக்கவிட்டுக் காலிக் அமிலம் எடுத்த பழைய முறை எதுவோ, அதுவே வடிவு திருந்தி ஆராய்ச்சிச்சாலையில் வெற்றி பெற்றிருக்கின்றது. தோசை மாவைப் புளிக்கவைக்கத் தெரிந்த நாட்டினர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. ஊறுகாயிலும் புளித்த உணவுகளிலும் வாழும் லாக்டோபாஸில்லஸ் பிளாண்டாரம் என்னும் கிருமியும் டானேஸ் உடையதே. 2013-ல் அதன் நொதியின் உருவத்தையே அணு அணுவாக வரைந்து காட்டிவிட்டனர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வெங்காயத்தின் மேல் வந்த பூஞ்சணத்தை எடுத்து வீட்டுக் கொல்லையில் கடுக்காய்க் குவியலில் விதைத்துவிடலாமென்று ஆர்வமுள்ள இளைஞர் எவரும் புறப்பட வேண்டாம். கரும்பூஞ்சண இனத்திற் சில விஷம் உண்டாக்குபவை. அதன் தூள் மூச்சோடு உட்சென்று நுரையீரலைத் தாக்கவும் கூடும். சோதித்துத் தேர்ந்த வித்தே வேண்டும். மூடிய தட்டுக்கள் வேண்டும். வெப்பமும் ஈரமும் அளவறிந்து காக்கப்பட வேண்டும். அமிலத்தைப் பிரித்துச் சுத்தி செய்ய ரஸாயனம் கற்றவர் வேண்டும். குடிசைத் தொழில் என்று பெயர் சூட்டிவிட்டால் போதுமென்று நினைப்பவர்களோடு நாம் உடன்படவில்லை. மலையடிவாரத்தில் கூட்டுறவுச் சங்கமொன்று கடுக்காயைத் தரம் பிரித்து, கொட்டை நீக்கித் தூளாக்கும் வரை செய்யலாம்; அதற்கு மேற்பட்டது ஆலையின் வேலை.

பாலாற்றுக்கு வருகின்றோம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் நேர்ந்த கேட்டைக் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டார் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி அளித்த தீர்ப்பு சட்ட மாணவர் யாவரும் படித்தது. அப்பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவேனும் முற்றிலுமேனும் சாகுபடிக்கு உதவாதாயிற்றென்ற ஆய்வுக் கணக்கு அத்தீர்ப்பில் குறிக்கப்பெற்றிருக்கின்றது. ஐந்து ஜில்லாக்களின் பதனிடும் சாலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டுமென்றும், நீரைக் கெடுத்தவனே அதனைச் சீர்செய்யும் செலவையும் நஷ்டஈட்டையும் ஏற்க வேண்டுமென்றும் கோர்ட்டார் விதித்தனர். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே கோர்ட்டார் பாலாற்று விஷயத்தை மீண்டும் எடுத்துத் தீர்ப்பளிக்க நேர்ந்தது என்பதொன்றே, இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் காரியம் எவ்வளவு நடந்ததென்பதற்குச் சான்று.

துவரால் பதனிடும் சாலையின் கழிவுநீர் செம்பழுப்பு நிறமாயிருக்கும். அதிலுள்ள துவர்ச்சத்து, கழிவைச் சுத்தி செய்யவென்று வளர்க்கும் கிருமிகளையே முடக்கிவிடுவதால் சுத்தி வேலை மந்தமாகின்றது. துவரை உண்ணவல்ல பூஞ்சணங்களையும் கிருமிகளையும் முன்னே அனுப்பி வழி திறப்பது அறிவுக்கு ஒத்த உபாயமே. ஆராய்ச்சிகளும் அதற்குச் சான்று பகர்கின்றன. எனினும் டானேஸ் பாலாற்றைக் காத்துவிடுமென்று நாம் எழுதினால் அது பொய்யாகும். இன்று உலகில் பதனிடப்படும் தோலிற் பெரும்பகுதி குரோமிய உப்பினாற் பதனிடப்படுகின்றது. பச்சைத் தோலைக் கெடாமற் காக்கக் கொட்டும் சோற்றுப்பு நிலத்தையும் கிணற்றையும் உவராக்குகின்றது. குரோமியத்தின்மீதோ உப்பின்மீதோ எந்த நொதிக்கும் அதிகாரமில்லை. ஆகவே, நொதியைக் காட்டிக் கழிவுநீர்ச் சட்டத்தின் பிடியைத் தளர்த்தக் கேட்பவர் எவராயினும், அவர் துவரையும் உப்பையும் வேண்டுமென்றே குழப்புகின்றாரென்று கொள்ளலாம்.

நீலகிரிச் சிறு தேயிலை விவசாயிகள் பச்சை இலைக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டிப் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றனர். மட்டமான இலையைக் கரையும் தூளாகவும் குளிர் பானமாகவும் மாற்றும் தொழில் அங்கே விரிவடைய வேண்டுமானால் டானேஸ் மலிவாகக் கிடைக்க வேண்டும். விலை மிகுதியே இன்று அதன் பயனுக்குள்ள பெரிய தடை. மைசூர்ப் பரீக்ஷைகள் காட்டிய திட வளர்ப்பு முறைக்குத் தவிடு, தேயிலைக் கழிவு, கடுக்காய்ச் சக்கை போன்ற மலிவான பொருள்களே போதுமாதலின், செலவு குறைவதற்கு இடமிருக்கின்றது. 1948 முதல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. தோலையும் துவரையும் அறிந்தோர் அங்குளர். மலை ஜில்லாக்களின் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் கைத்தொழில் மந்திரியாரை நோக்கி இரண்டு கேள்விகள் கேட்கலாம். தமிழ்நாட்டு மலைகளில் ஆண்டுதோறும் சேகரிக்கப்படும் கடுக்காய் எத்தனை டன், அது எந்தெந்த ஊர்களுக்கு எவ்விலைக்குச் செல்கின்றது என்பது ஒன்று. இந்த நாட்டு ஆராய்ச்சிச்சாலைகள் டானேஸைப்பற்றிக் கண்டவற்றுள் எவை இந்த மாகாணத்து ஆலைகளில் பரீக்ஷிக்கப்பட்டன, எவை காகிதத்தில் நின்றன என்பது மற்றொன்று. விடைகள் கிடைத்ததும் இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.